குழப்படியும் பராக்கும்: மாறிக்கொண்டிருக்கும் ஒரு வரைவிலக்கணம்

வாசகியின் கடிதம், சுருக்கமாக: “வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மூத்த மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 2015 இல், ‘வகுப்பில் எந்நேரமும் பராக்குப் பார்க்கிறான், தொடங்கிய வேலையை முடிப்பதில்லை’ என்று ஆசிரியை சொன்னதால் ஒரு மனநல வைத்தியரிடம் காட்டினோம். பிள்ளை ஓடித்திரிவதில்லை, குழப்படி இல்லை, ஆகவே மிகையியக்கக் கோளாறு இல்லை என்று அவர் எழுதித் தந்தார். அப்படியானால் சோம்பல்தான் என்று நாங்கள் முடிவுகட்டினோம். ஏசினோம், அடித்தும் இருக்கிறோம். இப்போது ஐந்தாந் தரத்தில் படிக்கும் மகளிடமும் அதே பராக்கு. அவளும் அண்ணனைப் போல அமைதியான பிள்ளை. ஆனால் இம்முறை நாங்கள் பார்த்த வைத்தியர் ஏடிஎச்டி (கவனக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு) என்கிறார். என் கணவர் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். ‘பத்து வருடத்துக்கு ஒருமுறை விளக்கத்தை மாற்றுகிற வருத்தம் என்ன வருத்தம்? மருந்து விற்பதற்காகக் கண்டுபிடித்தது. நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன், இன்றைக்குக் கடை நடத்தவில்லையா?’ என்று கேட்கிறார். எந்த வைத்தியர் சொன்னது பிழை? மகனிடம் இதைச் சொல்ல வேண்டுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் மிகவும் பாரமானது. அதற்கு இறுதியில் வருகிறேன். முதற் கேள்விக்கு நேரடியான பதில்: கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டு வைத்தியர்களும் தத்தம் கையில் இருந்த, நோய்களை வரையறுக்கும் நூலின்படி சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். நூல்தான் வேறு. அது எப்படி வேறானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணவரின் கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்காது. அந்தக் கேள்வி எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதும் அல்ல.

வரைவிலக்கணம் மாறுவதால் ஒரு வருத்தம் பொய்யாகிவிடுவதில்லை. சீனி வருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் சீனி 140 மில்லிகிராமைத் தொட்டால்தான் நீரிழிவு என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். 1997 இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்த எல்லையை 126 ஆகக் குறைத்தது. அன்றிரவு எவருடைய உடம்பிலும் சீனி கூடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் முன்பு நோயாளி அல்லாத பலர் நோயாளிகளானார்கள். 126 ஐத் தாண்டியவர்களுக்கே கண்ணில் பாதிப்பு வரத் தொடங்குகிறது என்பதைக் கண்ட பிறகு எல்லையை அங்கே நகர்த்தினார்கள். இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சீனிக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. ஏடிஎச்டிக்கு இன்றுவரை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையின் நடத்தையைச் சொற்களால் வருணித்து, அந்த வருணனையோடு பிள்ளையை ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்கிறோம். ஆகவே இங்கே வரைவிலக்கணத்தின் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒரு பிள்ளையை உள்ளே எடுக்கிறது, யாரோ ஒரு பிள்ளையை வெளியே விடுகிறது.

நீங்கள் எழுதிய இரண்டு சொற்களே இந்த முழுக் கதையையும் சொல்லப் போதுமானவை. ஒன்று குழப்படி, மற்றது பராக்கு. நம் வீடுகளில் இவ்விரண்டையும் எவரும் ஒன்றென்று நினைப்பதில்லை. குழப்படிக்காரப் பிள்ளை கதிரையில் இருக்காது, வரிசையில் நிற்காது, கேள்வி முடியுமுன் பதில் சொல்லும். பராக்குப் பார்க்கிற பிள்ளை கதிரையில் ஒழுங்காக இருக்கும், ஆனால் அதன் மனம் யன்னலுக்கு வெளியே காலி வீதியில் போகிற பஸ்ஸோடு போய்விடும். இவை ஒரே கோளாறின் இரண்டு முகங்களா, ஒன்றில்லாமல் மற்றது இருக்க முடியுமா, எதன் பெயரை முன்னால் வைப்பது என்பதில்தான் மருத்துவ நூல்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தடுமாறி வந்திருக்கின்றன.

1902 இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், அறிவில் குறையில்லாத, ஆனால் தம்மைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி மூன்று உரைகள் நிகழ்த்தினார். விளையாட்டில்கூடச் சிறிது நேரத்துக்கு மேல் மனத்தை வைக்க முடியாத ஆறு வயதுச் சிறுவன் ஒருவனையும் அவர் விவரிக்கிறார். ஆனால் அவர் அதற்கு இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு. பிள்ளையின் குணத்தையே குற்றஞ்சாட்டும் பழக்கம் வைத்தியர்களிடமும் இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. நீங்கள் உங்களையே நொந்துகொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பிறகு, 1917 ஐ ஒட்டிப் பரவத் தொடங்கிய ஒரு மூளை அழற்சியில் தப்பிய பிள்ளைகளிடம் இதேபோன்ற அமைதியின்மை காணப்பட்டதால், இத்தகைய பிள்ளைகள் எல்லாருக்குமே மூளையில் எங்கோ சிறு சேதம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. சேதத்தைக் காட்ட முடியாதபோது, ‘சேதம்’ என்பதை எடுத்துவிட்டு ‘செயற்பாட்டுக் குறை’ என்று மாற்றினார்கள்.

மருந்துக்காகவே வருத்தத்தைக் கண்டுபிடித்தார்கள் என்ற உங்கள் கணவரின் வாதத்துக்கு இந்த ஆண்டுகளே மறுப்பு. ஸ்டில் பேசி 35 ஆண்டுகள் கழித்துத்தான், 1937 இல், அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ஒரு சிறுவர் இல்லத்தை நடத்திய சார்ள்ஸ் பிராட்லி, பென்செட்ரின் என்ற ஊக்க மருந்து இத்தகைய பிள்ளைகளைப் படிப்பில் நிலைக்கச் செய்வதை எழுதினார். அதுவும் தற்செயல்தான். ஒரு மூளைப் பரிசோதனைக்குப் பின் வந்த தலையிடிக்காகக் கொடுத்த மருந்து, தலையிடியைப் பெரிதாகத் தணிக்காமல் பாடத்தில் மனத்தை நிறுத்தியது. ஆனாலும் உங்கள் கணவரின் சந்தேகத்தில் ஓர் உண்மை உண்டு. மருந்துக் கம்பனிகள் இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் பிற்காலத்தில் இதன் எல்லை விரிந்தபோது அதை மிக ஊக்கமாக விளம்பரப்படுத்தின. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூலில் இந்தக் கோளாறு முதன்முதலாக 1968 இல் இடம்பெற்றது. சிறுபிராயத்து மிகையியக்க எதிர்விளைவு என்பது அதன் பெயர். அளவுமீறிய இயக்கம், அமைதியின்மை, கவனச் சிதறல் என்று அடுக்கிவிட்டு, கட்டிளமைப் பருவத்தில் இது பெரும்பாலும் குறைந்துவிடும் என்றும் சேர்த்துச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். எத்தனை அறிகுறி, எத்தனை மாதம் என்ற கணக்கு எதுவும் அதில் இல்லை. பெயரில் குழப்படி மட்டுமே இருந்தது. பிறகு 1970 களின் தொடக்கத்தில், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வேர்ஜினியா டக்ளஸ் என்ற உளவியலாளர், இந்தப் பிள்ளைகளை உண்மையில் பின்தள்ளுவது ஓட்டமும் துள்ளலும் அல்ல, கவனத்தைத் தொடர்ந்து நிறுத்த முடியாமையும் உந்துதலை அடக்க முடியாமையுமே என்று எடுத்துக் காட்டினார். அதன் பலனாக 1980 ஆம் ஆண்டுக் கைநூலில் பெயர் தலைகீழானது. கவனக் குறைபாடு முன்னால் வந்தது, மிகையியக்கம் உள்ளது, மிகையியக்கம் இல்லாதது என்று அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்கு முதன்முதலாக ஓர் இடம் கிடைத்தது.

அந்த இடம் ஏழு ஆண்டுகள்தான் நிலைத்தது. 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கவனக்குறைவு, உந்துதல், மிகையியக்கம் என்றிருந்த மூன்று தனித்தனிப் பட்டியல்களையும் கலைத்து, 14 அறிகுறிகள் கொண்ட ஒரே பட்டியலாக்கி, அவற்றுள் எவையேனும் எட்டு இருந்தால் போதும் என்றார்கள். இன்று நாம் சொல்லும் ஏடிஎச்டி என்ற பெயர் அப்போது வந்தது. பராக்கு மட்டும் உள்ள பிள்ளை ‘வகைபிரிக்கப்படாதது’ என்ற ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. 1994 இல் மீண்டும் பிரித்தார்கள். கவனக்குறைவுக்கு ஒன்பது, மிகையியக்கத்துக்கும் உந்துதலுக்கும் சேர்த்து ஒன்பது, ஏதாவது ஒரு பக்கத்தில் ஆறு இருந்தாலே போதும், ஆனால் பாதிப்பு ஏழு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்று வரையறுத்தார்கள். பராக்கு மீண்டும் உள்ளே வந்தது, இம்முறை வெளியேற்றப்படவில்லை.

இதுவரை நான் சொன்னது அமெரிக்க நூலின் கதை. உங்கள் மகனைப் பார்த்த வைத்தியரின் மேசையில் இருந்தது பெரும்பாலும் அந்த நூலாக இருந்திருக்காது. நம் நாட்டு மருத்துவம் பிரித்தானிய மரபில் வளர்ந்தது. வைத்தியர்களான எங்களில் பலர் பயின்றதும் எழுதியதும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐசிடி என்னும் நோய்ப் பட்டியலின்படிதான். அதன் பத்தாம் பதிப்பு 1992 இல் வெளியாகி, கடந்த சில ஆண்டுகள் வரை நடைமுறையில் இருந்தது. அதில் ஏடிஎச்டி என்ற பெயரே இல்லை, மிகையியக்கக் கோளாறுதான் உண்டு. அதன் ஆய்வு அளவுகோலின்படி கவனக்குறைவில் ஆறு அறிகுறி, மிகையியக்கத்தில் மூன்று, உந்துதலில் ஒன்று என மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும், அதுவும் ஏழு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அமைதியாகக் கதிரையில் இருந்த உங்கள் மகன் அந்த வாசலால் நுழைந்திருக்கவே முடியாது. ‘மிகையியக்கம் இல்லாத கவனக் குறைபாடு’ என்பதற்கு அந்த நூல் கொடுத்த இடம் எது தெரியுமா? ஏனையவை என்ற ஒரு குறியீட்டின் கீழ், நகம் கடித்தல், மூக்கு நோண்டுதல், விரல் சூப்புதல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருந்தது. மாணவனாக அந்தப் பக்கத்தை முதலில் வாசித்தபோது சிரித்தேன். பிறகு கிளினிக்கில் அந்தப் பிள்ளைகளைக் காணத் தொடங்கியபோது சிரிப்பு வரவில்லை.

இரண்டு நூல்களுக்கும் இடையிலான இடைவெளி சிறியதல்ல. அமெரிக்க அளவுகோலால் அளந்த ஆய்வுகள் உலகெங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளை உள்ளே எடுத்தன. ஐசிடி பத்தின்படி அளந்தால் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே 2015 இல் அதே பிள்ளையை டொரொன்டோவில் காட்டியிருந்தால் ‘ஆம்’ என்றும், கொழும்பில் காட்டியபோது ‘இல்லை’ என்றும் பதில் வந்திருக்கலாம், இரண்டு வைத்தியரும் நேர்மையானவர்களாகவே இருந்திருக்கலாம். அந்த வைத்தியரிடம் எனக்கு ஒரேயொரு குறை உண்டு, அது என் துறை முழுவதன் குறையும்கூட. ‘இந்தப் பெயர் இல்லை’ என்று எழுதியவர், ‘ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது, அதற்கு இன்னதைச் செய்யுங்கள்’ என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். அந்த வரி இல்லாத இடத்தில்தான் ‘சோம்பல்’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது.

இனி மகளின் விடயம். 2013 இல் வெளியான அமெரிக்கக் கைநூலின் ஐந்தாம் பதிப்பு, ஏழு வயது எல்லையைப் பன்னிரண்டாக உயர்த்தியது. அதைவிட நுட்பமான ஒரு மாற்றமும் அதில் இருந்தது. முன்னைய நூல் அந்த வயதுக்குள் ‘பாதிப்பு’ தெரிந்திருக்க வேண்டும் என்றது, புதிய நூல் ‘பல அறிகுறிகள்’ தெரிந்திருந்தால் போதும் என்றது. கெட்டிக்காரப் பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய வித்தியாசம். முதல் மூன்று தரங்களில் பராக்குப் பார்த்தாலும் ஞாபகசக்தியால் சமாளித்துவிடுகிற பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வருடத்தில், நீண்ட வினாத்தாளின் நடுவில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் திணறும். அறிகுறி முன்பே இருந்தது, சுமை கூடியபோதுதான் பாதிப்பு வெளியே தெரிந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி பதினோராம் பதிப்பும் ஏடிஎச்டி என்ற பெயரையே ஏற்று, கவனக்குறைவு மேலோங்கிய வகையையும் முறைப்படி சேர்த்துக்கொண்டது. இரண்டு நூல்களும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன.

எல்லை விரிவதெல்லாம் நன்மைக்கே என்று நான் சொல்லவில்லை. 1994 ஆம் ஆண்டுக் கைநூலை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆலன் பிரான்சிஸ் என்பவரே, தங்கள் நூல் தாம் எதிர்பாராத அளவுக்கு இந்த முத்திரையைப் பரப்பிவிட்டது என்று பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார். ஒரே முறையில், ஒரே அளவுகோலால் அளந்தால் இந்தக் கோளாறுள்ள பிள்ளைகளின் விகிதம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு உயரவில்லை என்பதையும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கூடியது பெயர் சூட்டல்தான். அதில் ஒரு பகுதி முன்பு கவனிக்கப்படாதவர்களைக் கண்டுகொண்டது, இன்னொரு பகுதி அவசரம். கொழும்பில் நான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறேன்: காலையில் எட்டு ஆண்டுகளாக அடிவாங்கிய பிறகு முதன்முறையாக வருகிற பிள்ளை, பின்னேரத்தில் மூன்றே வார அமைதியின்மைக்காக மாத்திரை கேட்டு அழைத்துவரப்படுகிற பிள்ளை.

ஆகவே மகளுக்குச் சொல்லப்பட்டதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது அந்த வைத்தியரை அவமதிப்பதாகாது. முதலில் அவள் பிறந்த மாதத்தைப் பாருங்கள். இங்கே ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையை முதலாந் தரத்தில் சேர்க்கிறோம். ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளை, பெப்ரவரியில் பிறந்த வகுப்புத் தோழியைவிட ஏறத்தாழ ஒரு வயது இளையது. கனடா, தாய்வான் போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளில், வகுப்பிலேயே இளைய பிள்ளைகளுக்கு இந்த முத்திரை கூடுதலாக விழுவது தெரிந்திருக்கிறது. முதிராமையையும் கோளாறையும் ஒன்றாக எண்ணிவிடுவது அவ்வளவு எளிது. அடுத்து, ஆசிரியையிடம் எழுத்தில் அபிப்பிராயம் பெறப்பட்டதா என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் சொன்னதை மட்டும் கேட்டுச் சொல்லப்பட்ட முடிவு, இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவு செய்யாது. கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா, இரவில் குறட்டை விடுகிறாளா, வாசிப்பில் தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறதா என்பனவும் முக்கியம். வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாகப் படிக்கிற பிள்ளை என்றால், பராக்கு என்று நாம் நினைப்பது பல வேளைகளில் விளங்காமையாக இருக்கும். விடியற்காலை வகுப்பு, பாடசாலை, பின்னேர டியூஷன் என்று ஓடுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு இராத்திரி எட்டு மணிக்குக் கவனம் நிற்கவில்லை என்றால் அது எந்த நூலின்படியும் வருத்தம் அல்ல. இவையெல்லாம் பார்த்த பின்னும் ஆறு மாதத்துக்கு மேலாக அதே நிலைதான் என்றால், அந்த முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வது என்றால் உடனே மாத்திரை என்று பொருள் அல்ல. எந்த அளவுக்குப் பாதிப்பு என்று கேளுங்கள், இலேசா, நடுத்தரமா, கடுமையா என்று குறிப்பிடவும் இப்போதைய நூல் சொல்கிறது. இன்னொருவரிடம் கேட்க விரும்பினால், பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவ கிளினிக் உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை.

உங்கள் கணவர் தம்மைப் பற்றிச் சொன்னதை நான் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, தகவலாக எடுத்துக்கொள்கிறேன். இரட்டையர் ஆய்வுகளின்படி இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேல். கடை நடத்துவது ஒரு வகையில் இத்தகைய மனத்துக்கு இசைவான தொழில்தான். வாடிக்கையாளரும் தொலைபேசியும் லொறியும் மாறி மாறி அழைக்கும், ஒரே காகிதத்தோடு மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. அவருக்கு ஏடிஎச்டி என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கிறார்கள், பற்றுச்சீட்டுகளை யார் தேடித் தருகிறார்கள் என்று அவரிடம் அன்பாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக மகன். சொல்லுங்கள். தங்கையின் மருந்துச் சீட்டிலிருந்தோ உறவினர் பேச்சிலிருந்தோ அவராகவே தெரிந்துகொள்வதைவிட, நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்வது நல்லது. ‘உனக்கு வருத்தம் இருந்தது, எங்களுக்குத் தெரியாமல் போனது’ என்று தொடங்காதீர்கள், அது இன்னும் எவருக்கும் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: அன்று வைத்தியர் ‘இல்லை’ என்று எழுதியது ஒரு பெயரைப் பற்றி மட்டுமே, ‘சோம்பல்’ என்று அவர் எழுதவில்லை, அந்தச் சொல்லை நாங்கள்தான் சேர்த்தோம், அது பிழை. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறி போதும் என்று 2013 ஆம் ஆண்டு நூல் தளர்த்தியிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முந்திய சான்று வேண்டும். அந்தச் சான்று உங்கள் அலுமாரியில் இருக்கக்கூடும். மூன்றாம், நான்காம், ஐந்தாந் தர முன்னேற்ற அறிக்கைகளில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்புகளும், 2015 இல் தந்த அந்தக் காகிதமும். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மகனின் கையில் கொடுங்கள். பத்தொன்பது வயதில் சிறுவர் கிளினிக்குக்கு அல்ல, பெரியவர்களுக்கான உளமருத்துவ கிளினிக்குக்குப் போக வேண்டும். போவதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும், ‘என்னோடு வாருங்கள், அம்மா’ என்று அவர் கேட்டால் மட்டும் கூடப் போங்கள்.